பொருள்: ஈஸ்ட் பட்டினியில் நின்றுவிடுவதற்கு என்ன பெயர்?

சித்தூரிலிருந்து:
குழும நண்பர்களுக்கு வணக்கம். பாலக்காட்டு எல்லைத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான உயிரியல் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இன்னும் சரியாக அமையவில்லை. நைட்ரஜன் கிடைக்காத ஈஸ்ட் செல், தொடங்கிய பிரிதலை முடித்துவிட்டு, அடுத்த சுற்றுக்குள் போகாமல், செல் சுழற்சியின் முதல் கட்டமான ஜி1-இல் நின்றுவிடும். மொட்டு விடாது, டி.என்.ஏ.வைப் படியெடுக்காது. இதற்குப் ‘பசித்தடை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

கொல்லங்கோட்டிலிருந்து:
ஐயா, வேண்டாம். நீங்கள் பசியால் தடை என்று மூன்றாம் வேற்றுமையில் விரிக்கிறீர்கள். படிப்பவர் பசிக்குத் தடை என்று விரிப்பார். ஈஸ்ட் என்பதும் எதற்கு? ‘மதுவம்’ உண்டே. ஆனால் மது வடசொல். மட்டு என்றால் கள், நல்ல பழந்தமிழ்ச் சொல். மலையாளத்தில் அடியில் தங்கும் மண்டிக்கும் மட்டு என்றுதான் பெயர். கள்ளின் மண்டியில் ஈஸ்ட் இருக்கிறது. ஆகவே ‘மட்டுயிர்’ என்று ஏன் சொல்லக்கூடாது?

மூணாற்றிலிருந்து:
மட்டு என்றால் பிள்ளைகள் அளவு என்று நினைப்பார்கள். ஈஸ்ட் இருக்கட்டும், அது எல்லாருக்கும் தெரியும்.

தடை, நிறுத்தம் இரண்டிலும் வேறொருவர் செய்வது போன்ற பொருள் வருகிறது. இங்கே நிற்பது செல்லின் சொந்த வேலை. ஊட்டம் குறைந்ததும் டார் என்ற கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி) தொகுதி அடங்குகிறது, புரத உற்பத்தி தளர்கிறது, சுழற்சியைத் தொடக்கிவைக்கும் சிஎல்என்3 என்ற சைக்ளின் புரதம் குறைகிறது. ரிம்15 கைனேஸ் முடுக்கம் பெற்று, செல்லை நெடிய ஓய்வுக்கு ஆயத்தம் செய்கிறது. ஈஸ்ட்டின் செல் சுழற்சியை ஆராய்ந்த ஹார்ட்வெல் ‘ஸ்டார்ட்’ என்று பெயரிட்ட கட்டத்தைத் தாண்டாமல் செல் நிற்கிறது. தாண்டிவிட்ட செல் அந்தச் சுற்றை முடித்தே ஆகவேண்டும். செல்லை வளரத் தூண்டும் ராஸ் புரதம் எந்நேரமும் முடுக்கத்திலேயே இருக்கும் மரபணுத் திரிபு செல்கள், நைட்ரஜன் இல்லாதபோதும் ஒழுங்காக நிற்காமல் செத்துப்போகின்றன. நிற்பதுதான் பிழைக்கும் வழி! அதனால் தன்வினைப் பெயரே வேண்டும்: ‘பட்டினி நிற்றல்’. பட்டினி மலையாளத்திலும் பட்டிணிதான், நம் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.

கொல்லங்கோட்டிலிருந்து:
தன்வினை என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘பட்டினி நிற்றல்’ என்றால் பட்டினி நின்றுபோயிற்று என்றும் ஆகும். ‘பட்டினித் தங்கல்’ என்க. பட்டினிச்சாவு போல ஒற்று மிகுந்து வருவதால் பொருள் மயங்காது. தங்கியவர் மறுபடி புறப்படலாம். நைட்ரஜன் கிடைத்தால் செல்லும் அப்படித்தானே?

மூணாற்றிலிருந்து:
ஆமாம், திரும்பவும் வளர்ந்து, மொட்டு விட்டுப் பிரியும். தங்கல் எனக்குச் சம்மதம்.

குப்பத்திலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை. தங்கல் என்றால் பிரிதல் நின்ற செய்தி அதில் எங்கே இருக்கிறது? ‘ஊட்டக்குறை முடக்கம்’ நீளம்தான், ஆனாலும் தெளிவு.

சித்தூரிலிருந்து:
முடங்கிய செல் மீளாது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் தயங்குகிறேன். தலைப்பில் ‘பட்டினித் தங்கல்’ போடுகிறேன், முதல் வரியிலேயே செல் பிரிதல் நிற்பதைச் சொல்லிவிடுகிறேன். மட்டுயிரைத் தனி இழையில் பேசுவோம்.

குப்பத்திலிருந்து:
போடுங்கள். அடுத்த பதிப்பின்போது மறுபடியும் முடக்கம்தான் கேட்பேன்.