வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்: 'கீஸ்டோன்' இனம்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். பள்ளித் துணைப்பாட நூலுக்காகச் சூழலியலாளர் ராபர்ட் பெயின் பற்றி நான்கு பக்கம் தமிழாக்குகிறேன். வியாழனன்று அச்சுக்குப் போகிறது. அவர் 1963இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில், முக்கா விரிகுடாவில், ஒரு துண்டுப் பாறையிலிருந்து, சிப்பிகளைத் தின்னும் நட்சத்திரமீன்களைப் பெயர்த்துக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். பக்கத்துப் பாறையைத் தொடவில்லை. மீன் போன இடத்தில் முதலில் பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு பரவியது, அப்புறம் சிப்பிகள் மொத்தமாக அடைத்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8தான் மிஞ்சின. 1969இல் அந்த நட்சத்திரமீனுக்குக் 'கீஸ்டோன்' இனம் என்று பெயர் வைத்தார். தமிழில் என்ன போடலாம்?

புலவர் ஐயா:
அச்சாணி இனம். 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்று வள்ளுவரே வரையறை தந்துவிட்டார். ஆணி என்பது 'ஆள்' என்னும் வேரில் பிறந்தது என்பது என் துணிபு. ஆணிப்பொன், ஆணிமுத்து ஆகியவற்றையும் இதனோடு வைத்து நோக்குக. விரிவாகத் தனி மடலில்.

கட்டடப் பொறியாளர்:
தனி மடல் வேண்டாம் ஐயா. மூலத்தில் இருப்பது வளைவின் உச்சியில் செருகும் கல். தேர் எங்கிருந்து வந்தது? 'நடுக்கல் இனம்' என்பதே நேர்மை.

உயிரியல் ஆசிரியை:
மாணவர்கள் அதை நடுகல் என்று படித்து நட்சத்திரமீனுக்குப் படையல் வைத்துவிடுவார்கள். 'முக்கிய இனம்' என்றும் போட்டுவிடாதீர்கள். காடு முழுக்க நிற்கும் மரமும் முக்கியம்தான், ஆனால் அது எண்ணிக்கையால் ஆள்கிறது. இது அப்படியல்ல. இருப்பது கொஞ்சம், அசைப்பது நிறைய. கடல் நீர்நாயைப் பாருங்கள். அது போனால் கடல் முள்ளெலி பெருகி, கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிக் காட்டையே மேய்ந்து தீர்க்கிறது. அந்த 'கொஞ்சம்' அச்சாணியில் இருக்கிறது, கல்லில் இல்லை. ஒன்று மட்டும்: 'ஸ்பீசிஸ்' என்பதற்கு இனம் அல்ல, சிற்றினம்.

புலவர் ஐயா:
அப்படியானால் அச்சாணிச் சிற்றினம். வல்லினம் மிகும். நட்சத்திரமீன் மீனே அல்லவே, அதை யாரும் கேட்கவில்லையா?

கட்டடப் பொறியாளர்:
விண்மீனும் மீனல்ல, அதை யார் கேட்டார்கள்? பேசாமல் 'கீஸ்டோன்' என்றே விடலாம். எல்லாருக்கும் புரியும்.

உயிரியல் ஆசிரியை:
ஆங்கிலம் தெரிந்த எல்லாருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, 'அச்சாணி இனம்' என்றே அனுப்பிவிட்டேன். 'சிற்றினம்' பட்டியில் அடங்கவில்லை, அம்மா மன்னிக்க வேண்டும். பொறியாளர் மறுப்பு பதிவாகிறது. மூன்றாம் பக்கத்தில் 'டிராபிக் கேஸ்கேட்' வருகிறது, 1980இல் பெயினே வைத்த பெயர். போக்குவரத்து அல்ல, ஊட்டநிலை, அதாவது எது எதைத் தின்கிறது என்ற அடுக்கு. கேஸ்கேட் என்றால் அருவி. மேலே ஒன்றை எடுத்தால் கீழே படிப்படியாகச் சரிகிறதே, அது. இன்றிரவுக்குள் யாராவது?

புலவர் ஐயா:
அருவி என்பது 'அரு' என்னும் வேரில்...