இரண்டரை வருடம் நின்ற ஓ-320: ஆயில் பிரஷர் ஏறவே இல்லை

கேட்டவர்:
சிறு விமானத்தின் லைகாமிங் ஓ-320 என்ஜின். இரண்டரை வருடம் ஓடாமல் நின்றுவிட்டது. பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினேன், ஃபில்டரும் புதிது. கீழ் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, 15 விநாடி வீதம் மூன்று தடவை ஸ்டார்ட்டரில் சுற்றினேன். ஆயில் பிரஷர் கேஜின் முள் அசையவே இல்லை. ஸ்டார்ட் செய்தால் அந்த வேகத்தில் ஆயில் பம்ப் தானாக இழுத்துக்கொள்ளும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். ஓடத் தொடங்கி 30 விநாடிக்குள் பிரஷர் வராவிட்டால் நிறுத்து என்பார்களே, அது உள்ளே ஆயில் ஒட்டியிருக்கும் என்ஜினுக்கு. இதில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கிராங்குக்கு (ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) மேலே இருக்கிறது. எப்போதோ வடிந்து காய்ந்திருக்கும். கேமும் அதன்மேல் உரசும் டாப்பெட்டும் கெட அந்த 30 விநாடி தாராளம்.

பதில் 2:
முதலில் முள் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். கேஜுக்குப் போகும் குழாயை என்ஜின் பக்கம் கழற்றி, அடியில் டப்பா வைத்துச் சுற்றுங்கள். ஆயில் வந்தால் பம்ப் சரி. குழாயில் காற்று, இல்லையென்றால் கேஜ் கோளாறு.

கேட்டவர்:
சொட்டுகூட வரவில்லை.

பதில் 1:
அப்படியானால் பம்ப் காய்ந்துபோயிருக்கிறது. பற்சக்கரங்களுக்கும் உறைக்கும் நடுவே ஆயில் படலம் இருந்தால்தான் அது உறிஞ்சும். வெறும் காற்றை வைத்துக்கொண்டு சும்மா சுற்றும். பின்புற ஹவுசிங்கிலிருந்து ஆயில் கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி (திரும்பி வரும் குழாய் அல்ல), அந்தத் துளை வழியாக ஆயிலை மெதுவாக ஊற்றுங்கள். இறங்காவிட்டால் ப்ரொப்பெல்லரைக் கையால் கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்பினால் பம்பே உள்ளே இழுக்கும்.

பதில் 3:
பின்பக்கம் திருப்புவதற்கு முன் ஒன்று: வேக்கம் பம்ப் (சில விமானக் கருவிகளுக்காகக் காற்றை உறிஞ்சுவது) உலர் வகை என்றால் அதன் கார்பன் பிளேடுகள் உடையலாம். அதைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். மேல் பிளக்குகளும் வெளியே வரட்டும். பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால் சுவிட்சை அணைத்திருந்தும் தீப்பொறி வரும். ப்ரொப்பெல்லர் எப்போதும் ஓடத் தயார் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
வேக்கம் பம்பைக் கழற்றினேன், பிளக் எல்லாம் வெளியே. முதலில் இறங்க மறுத்தது; இரண்டு சுற்று பின்னால் திருப்பியதும் குடித்துவிட்டது! குழாயை மாட்டி, ஸ்டார்ட்டர் ஆறியபின் சுற்றினேன். எட்டு விநாடி ஒன்றும் இல்லை, அப்புறம் முள் துள்ளி 20 பிஎஸ்ஐ தாண்டியது. மறுமுறை உடனே ஏறியது, இறங்கவில்லை.

பதில் 2:
நல்லது. ஆனால் ஃபில்டரிலும் கூலரிலும் இப்போதுதான் ஆயில் நிறைந்திருக்கும், அளவுகோலைப் பார்த்துக் குறைவதை ஊற்றுங்கள். ஓடும்போது ஐடிலில் (குறைந்த வேகத்தில்) 25 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள். பிரஷர் மிகாமல் காக்கும் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம்.

கேட்டவர்:
சரி. நிறுத்தியிருந்தபோது மாதம் ஒருமுறை ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றி வைத்தேன். அது நல்லதுதானே?

பதில் 1:
இல்லை, அது இருந்த கொஞ்சப் படலத்தையும் வழித்துவிடும். அதனால்தான் கேமில் துரு இருக்குமோ என்று எனக்குப் பயம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஃபில்டரை வெட்டி மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். உலோகத் துகள் மினுமினுப்பு தெரிந்தால் ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைப் பார்க்காமல் பறக்காதீர்கள். உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.