மழையில் நனைந்தபின் ஹப் மோட்டார் உதறுகிறது

கேள்வி: அப்பாவின் பழைய சைக்கிளில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) போட்டிருக்கிறேன். நேற்று மழையில் நனைந்தது. இப்போது ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சக்கரம் கடகடவென்று உதறுகிறது, சுற்றுவதில்லை. நாலு மிதி மிதித்தால் ஓடுகிறது. பேட்டரி 42 வோல்ட், முழு சார்ஜ். அப்பா ஓட்டிய வண்டி, ஓரங்கட்ட மனம் வரவில்லை.

பதில்: மிதித்தால் ஓடுகிறது என்றால் ஹால் சென்சார் பக்கம் பாருங்கள் தம்பி; மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று உணர்ந்து சொல்வது அதுதான். அதன் வயர் கனெக்டரைக் கழற்றாமல், கன்ட்ரோலர் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) பக்கம் மல்டிமீட்டர் வையுங்கள். சிவப்பு, கருப்பு இடையே 5 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். அப்புறம் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால், மற்ற மூன்று வயரும் 0, 5 என்று மாறி மாறிக் காட்ட வேண்டும்.

கேட்டவர்: நீலம் மட்டும் 5-லேயே நின்றது அண்ணா! கனெக்டரில் அந்தப் பின் களிம்பேறிக் கிடந்தது. சுரண்டித் துடைத்ததும் ஓடுகிறது.

இன்னொருவர்: அச்சுக்குள் நுழையுமுன் வயரைக் கீழே தொங்கலாக வளைத்துக் கட்டுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.