ஒஹாயோ ஸ்டேட்: முதல் டவுனில் ரன்னா (ஓடுவதா), பாஸா (எறிவதா)?

கொலம்பஸ்வாசி:
2024 நவம்பர் 30 அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் இன்னும் நெஞ்சை உறுத்துகிறது. மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10, அதுவும் நம் சொந்த மைதானத்தில்! ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா போன்ற, பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் நம்மிடம் இருந்தார்கள். ரிசீவர்களைத் தடுக்கும் மிச்சிகனின் சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சன் காயத்தால் ஆடவே இல்லை. அவர்களுடைய பலமெல்லாம் டிஃபென்ஸ் (தடுப்பணி) நடுவில் நின்ற மேசன் கிரஹாமும் கெனத் கிராண்டும்தான். நம் லைனிலோ (முன்வரிசைத் தடுப்பாளர்கள்) இடது டாக்கிள் ஜாஷ் சிமன்ஸ், சென்டர் செத் மெக்லாக்லின் இரண்டு பேருமே காயத்தில் வெளியே.

அப்படியிருந்தும் முதல் டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவது) என்றால் அந்த இரண்டு மலைகள் மேலேயே போய் மோதிக்கொண்டிருந்தோம். நம் ஓட்டக்காரர் ஹெண்டர்சன் 10 முறை ஓடி 21 யார்டு. நம் தாக்குதல் பயிற்சியாளர் சிப் கெல்லி போன்ற ஒருவர் ஏன் இப்படி அழைத்தார்? 'முதலில் ரன்னை நிலைநாட்டு' என்ற பழைய பாடத்துக்கு இன்றைக்கும் பொருள் இருக்கிறதா?

மஞ்சள்நீலம்:
நான் மிச்சிகன் பக்கம், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் ஓடியது 26 முறை, உங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) வில் ஹோவர்ட் எறிந்தது 33 முறை. பாஸ்தான் அதிகம்! அதில் இரண்டு இன்டர்செப்ஷன் (எங்கள் ஆட்கள் பிடித்தவை). முதலாவதை ஏமிர் ஹால் பிடித்து உங்கள் கோல் கோட்டுக்கு 2 யார்டு தூரம் வரை கொண்டுவந்தார், அதிலிருந்துதான் எங்கள் ஒரே டச்டவுன். உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலிலும் இரண்டு முயற்சிகளைத் தவறவிட்டீர்கள்.

நாங்கள் பாஸில் எடுத்தது மொத்தமே 62 யார்டு. எங்கள் ஓட்டக்காரர் கலேல் மல்லிங்ஸ் 32 முறை ஓடி 116. கடைசியில் மூன்றாம் டவுனில் அவர் ஓடிய அந்த 27 யார்டுதான் ஆட்டத்தை முடித்தது. ரன்னை நம்பியவர்கள் ஜெயித்தார்கள் ஐயா.

கார்டின் அப்பா:
மொத்த எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. முதல் டவுனில் ஓடி ஒரு யார்டு கிடைத்தால் இரண்டாவது டவுனுக்கு இன்னும் 9 யார்டு. அப்புறம் எறிந்துதான் ஆகவேண்டும், டிஃபென்ஸுக்கும் அது தெரியும். அந்த 33-இல் எத்தனை, வேறு வழியில்லாமல் எறிந்தவை என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று: கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் சாக் ஆனால் (எறியும் முன்பே வீழ்த்தப்பட்டால்) அது ரன் கணக்கில் ஏறும், இழந்த யார்டும் அதிலேயே கழியும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அது பாஸ் கணக்கு. ஆர்பிஓ (ரன்னா பாஸா என்று பிளே நடக்கும்போதே குவார்ட்டர்பேக் முடிவு செய்வது) வந்த பிறகு இன்னும் குழப்பம். கல்லூரியில் பாஸ் எறியும்போது லைன்மேன் 3 யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அதனால் கல்லூரியில் லைன் முழுவதும் ரன்னுக்குத் தடுத்துக்கொண்டிருக்கும்போதே குவார்ட்டர்பேக் டிஃபென்ஸின் ஒரு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) எப்படி நகர்கிறார் என்று பார்த்து எறிந்துவிடலாம். என் மகன் பள்ளி அணியில் கார்டு, அதாவது லைன்மேன். பந்து பின்னால் எங்கே போனது என்று பல பிளேக்களில் அவனுக்குக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டால்தான் தெரியும்! இதை ரன் என்பதா, பாஸ் என்பதா?

கொலம்பஸ்வாசி:
மஞ்சள்நீலம், உங்கள் வெற்றியைக் குறைத்துச் சொல்லவில்லை, மல்லிங்ஸை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் கார்டின் அப்பா சொன்னதுதான் என் குறையும். எத்தனை ரன் என்பதல்ல, யார் மேல், எந்த டவுனில் என்பது.

அதே அணி, அதே கெல்லி, 2025 ஜனவரி 20 அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஹோவர்ட் முதல் 13 பாஸையும் முடித்தார். மொத்தமே 21 எறிதல்தான், ஆனால் ரன்னில் 214 யார்டு. ரிசீவர்களைப் பார்த்து டிஃபென்ஸ் பரவி நிற்க, நம் இன்னொரு ஓட்டக்காரர் ஜட்கின்ஸுக்கு நடுவில் வழி திறந்தது. கடைசியில் 31-23 என்று நாம் முன்னிலை, மூன்றாம் டவுன், இன்னும் 11 யார்டு. பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஓடி நேரத்தைக் கரைத்திருப்பார்கள். கெல்லி ஸ்மித்துக்கு நீளமாக எறியச் சொன்னார், 56 யார்டு! நவம்பரில் ஒரு முதல் டவுனிலாவது அந்த அழைப்பைப் பார்க்கத்தான் ஏங்கினேன்.

மஞ்சள்நீலம்:
சரி, அந்த 56 யார்டு அழைப்பை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிரஹாமும் கிராண்டும் எதிரே நின்றிருந்தால் ஹோவர்டுக்கு அவ்வளவு நேரம் கிடைத்திருக்காது.