நித்தா விதியும் கருப்பைவாய் பயாப்சியும்: செவிலியர்களிடம் சில கேள்விகள்

மகளிர் நலப் பிரிவில் வேலை பார்ப்பவர்களின் உதவி தேவை. நித்தா விதியை (மாதவிடாய் போன்ற கருப்பை உதிரம் வந்தால் தம்பதி சில நாள் விலகியிருக்கச் சொல்லும் யூதச் சட்டம்) கடைப்பிடிக்கும் யூதப் பெண்களுக்காக, சிகிச்சைக்குப் பிந்தைய குறிப்புத்தாள் ஒன்றைத் தயாரிக்கிறோம்.

கருப்பையிலிருந்து இயல்பாக வரும் உதிரம்தான் பெண்ணை நித்தா ஆக்கும். கருப்பைவாய்க் காயத்தின் ரத்தம் ஆக்காது. அதனால் பாப் ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல் சோதனை), பயாப்சி (சிறு திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) எதுவானாலும் ராபி (யூத மதகுரு) கேட்பது ‘ரத்தம் எங்கிருந்து வந்தது?’ என்பதைத்தான். டிஸ்சார்ஜ் தாளில் ‘லேசான ரத்தப்போக்கு’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. நித்தா என்று முடிவானால் அஷ்கெனாசி (ஐரோப்பிய மரபு யூதர்) வழக்கப்படி குறைந்தது 5 நாள் காத்திருப்பு, சூரியன் மறையுமுன் ரத்தம் நின்றதா என்று ஒரு சோதனை, பிறகு ரத்தமில்லாத 7 சுத்த நாள், மிக்வே (சடங்குக் குளம்) முழுக்கு. அதுவரை தம்பதி விலகியிருக்க வேண்டும்.

ஹிஸ்டிரோஸ்கோபியில் (கருப்பைக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் சோதனை) இன்னொரு சிக்கல். கருவி கருப்பைவாயை விரித்தால், ரத்தமே தெரியாவிட்டாலும், திறந்தபோது உதிரம் வந்திருக்குமோ என்ற கேள்வி எழும். யூதச் சட்ட அறிஞரான ராபி மோஷே ஃபைன்ஸ்டைனைப் பின்பற்றுவோர் சுமார் 19 மி.மீ.க்குக் குறைந்த கருவியைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் இன்னும் கடுமை.

பயாப்சிக்குப் பின் கசிவு எத்தனை நாள் இருக்கும் என்று எழுதித் தருகிறீர்கள்? மான்செல் கரைசலால் (ரத்தத்தை நிறுத்தத் தடவும் மருந்து) வரும், காபித்தூள் போன்ற கசிவைப் பற்றி முன்கூட்டியே சொல்கிறீர்களா? டயலேட்டர் (கருப்பைவாயை விரிக்கும் கருவி) அளவு பதிவாகிறதா (ஹெகார் 6 என்றால் 6 மி.மீ.)? மணிக்கொரு பேடு நனைந்தால் முதலில் மருத்துவர், பிறகுதான் ராபி என்பதைத் தாளின் தலைப்பிலேயே போடுகிறோம்.