மசாஜ் தெரபி கற்க மூன்று வாரப் படிப்பு போதுமா?

கேள்வி

வணக்கம். எட்டு ஆண்டுகளாகக் கணினி முன் அமர்ந்து கணக்கு வேலை பார்த்துவரும் நான், அதை விட்டுவிட்டு மசாஜ் தெரபியைத் தொழிலாகக் கற்க முடிவு செய்திருக்கிறேன். இரண்டு படிப்புகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, ஹாட் ஸ்டோன், அரோமாதெரபி, ஃபேஷியல் எனப் பதினான்கு சிகிச்சைகளின் பெயர்கள் சான்றிதழில் இருக்கும். மற்றொன்று ஓராண்டு நீளும். அதில் கணிசமான நேரம் உடற்கூறியலுக்கே போய்விடும் என்கிறார்கள். ஸ்பாவில் வேலைக்குச் சேர நினைப்பவருக்கு எலும்பு, தசைகளின் பெயரெல்லாம் அவ்வளவு தேவைதானா? என் கைகள் வலுவானவையும் அல்ல. அது தடையாகுமா?

பதில் 1

பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். கை வலுவைப் பற்றிக் கவலை வேண்டாம். அழுத்தம் உடல் எடையிலிருந்து வர வேண்டும். ஒரு காலை முன்வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகை வளைக்காமல் உடலை முன்னோக்கிச் சாய்த்தால், அந்த எடை முன்கை வழியாகத் தானாக இறங்கும். மேசையின் உயரத்தையும் கவனிக்க வேண்டும்: அருகில் நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், விரல் முட்டிகள் மேசையைத் தொட்டும் தொடாமலும் இருப்பது பொதுவான அளவு.

நானும் குறுகிய காலப் படிப்பில்தான் தொடங்கினேன். இதையெல்லாம் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாரையும் கட்டைவிரலாலேயே அழுத்தி, இரண்டாம் ஆண்டில் விரலின் அடிமூட்டு வீங்கி, தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திருக முடியாமல் நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். அதன் பிறகே முறையான படிப்பில் சேர்ந்து முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்தக் கற்றேன். மூன்று வாரத்தில் பதினான்கு சிகிச்சை என்றால் ஒன்றுக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். ஸ்வீடிஷ் முறையின் தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வு ஆகிய ஐந்து அசைவுகள் கையில் படியவே பல மாதங்கள் ஆகும்.

பதில் 2

பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் உடற்கூறியல் பற்றிச் சொல்கிறேன். எங்கே அழுத்தலாம் என்பதைக் காட்டிலும், யாரை, எங்கே அழுத்தக் கூடாது என்பதற்காகவே அது தேவை. நீண்ட விமானப் பயணம் முடித்து வந்த ஒருவர், ஒரு கெண்டைக்கால் மட்டும் வலிக்கிறது, நன்றாகப் பிசைந்துவிடுங்கள் என்கிறார். தொட்டால் அது வீங்கிச் சூடாக இருக்கிறது. காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கக்கூடும். பிசைந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கலாம். அவரை மேசையில் படுக்க வைக்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முழங்காலின் பின்குழியிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் இரத்தக் குழாய்களுக்குப் பாதுகாப்பு குறைவு. அங்கே ஆழ்ந்த அழுத்தம் கூடவே கூடாது. காய்ச்சல், தோல் தொற்று, இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றைத் தொடக்கப் படிவத்திலேயே கேட்டறிவது கட்டாயம்.

உரிம விதிகளையும் பணம் கட்டும் முன் பாருங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்கள் 500 மணி நேரமோ அதற்கு மேலோ பயிற்சி கேட்கின்றன. நியூயார்க்கில் 1,000 மணி நேரம். அத்தகைய இடங்களில் மூன்று வாரச் சான்றிதழ் செல்லாது.

பதில் 3

ஸ்பா பக்கத்திலிருந்து சில செய்திகள். வாசனைத் தைலத்தை நேரடியாகத் தோலில் இடக் கூடாது. அதைக் கலக்கும் அடிப்படை எண்ணெய் 30 மில்லிக்குச் சுமார் 12 துளி, அதாவது ஏறத்தாழ 2 சதவீதம், முழு உடலுக்குப் போதும். கொட்டைகள் ஒவ்வாதவருக்குப் பாதாம் எண்ணெய் ஆபத்து. சூடான கல்லை முதலில் உங்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறிய துவாலைகளை உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்துச் சூட்டோடு குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கலாம் என்பதைப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

சேரும் முன் அந்தப் பயிற்சி மையத்தில் மாணவர் ஒருவரிடமே மசாஜ் செய்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். உங்கள் உடல்நிலையை விசாரித்தாரா, கை வைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதை விரிப்பால் மூடினாரா, அழுத்தம் போதுமா என்று இடையில் கேட்டாரா, பக்கத்தில் ஆசிரியர் இருந்தாரா என்று கவனியுங்கள். எந்தப் படிப்பில் சேரலாம் என்பது அங்கேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.