14 கோர் ஜியானா, 14 கோர் லேப்டாப்பா: வீட்டில் விஎம் ஓட்ட எது?

விதைநெல்:
வீட்டில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டியில் பல விஎம் ஓட்ட விடற மென்பொருள்) போட்டு ஆறு விஎம் (விர்ச்சுவல் மெஷின், பெட்டிக்குள்ள தனியா ஓடற மெய்நிகர் கணினி) ஓட்டணும். ஒரு என்ஏஎஸ் (வீட்டு ஃபைல் சேமிப்பு, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில்), ஒரு போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்), மூணு நோடு குபர்நெட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கிறது), ஒரு ஜெல்லிஃபின் (வீடியோ சர்வர்). 24 மணி நேரமும் ஓடும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சர்வரிலிருந்து கழற்றிய ஜியான் இ5-2680 வி4 (2016), எக்ஸ்99 மதர்போர்டோட. இன்னொண்ணு, ஸ்க்ரீன் போன லேப்டாப், கோர் ஐ7-12700எச் (2022). ரெண்டிலும் 14 கோர். ஜியானில் 28 திரெட் (ஒரே நேரத்தில் ஓடற வேலைச் சரம்), லேப்டாப்பில் 20. அப்போ ஜியான்தானே பெரிசு?

பழையஇரும்பு:
ஜியானையே எடுங்க. ஆனா கோர் கணக்குக்காக இல்ல, ரேமுக்காக. உங்க பட்டியலைக் கூட்டிப் பாருங்க. என்ஏஎஸ்ஸுக்கு 16 ஜிபி, குபர்நெட்டிஸ் நோடுக்கு எட்டு வீதம் 24, போஸ்ட்கிரஸ் 16, ஜெல்லிஃபின் 4, ஹோஸ்டுக்கு 4. மொத்தம் 64. 12700எச்சுக்கு இன்டெல் சொல்ற உச்சவரம்பே 64 ஜிபிதான். குடிபோன அன்னைக்கே வீட்டில் இடமில்ல. ஜியானில் 32 ஜிபி ஆர்டிம் (சர்வர் வகை ரேம் ஸ்டிக்) நாலு போட்டா 128. போர்டில் எட்டு ஸ்லாட் இருந்தா 256. அதுவும் ஈசிசியோட (ரேமில் வர்ற பிழையைத் திருத்தற வசதி).

மெல்லியமடி:
ரேம் கணக்கு சரி, மறுக்கல. ஆனா கேட்டவர் கோரை ஒப்பிட்டுக் கேட்டாரு, அதை யாரும் தொடவே இல்லையே. 12700எச்சில் 14 கோர்னா 6 பெரிய கோர், 8 சின்ன கோர். பெரிய கோர் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ஜியான் 3.3 வரைதான், அதுவும் எல்லா கோரும் சேர்ந்து ஓடும்போது இன்னும் இறங்கும். எல்லாரும் கேலி பண்ற அந்தச் சின்ன கோரையே எடுத்துக்கங்க. ஒரு கிளாக்குக்குச் செய்யற வேலையில் அது ஸ்கைலேக் அளவுக்கு வரும்னு இன்டெல்லே சொல்லியிருக்கு. உங்க ஜியான் ஸ்கைலேக்குக்கு முந்தின தலைமுறை, பிராட்வெல். சின்ன கோர் 3.5 வரை ஓடும். பெரியண்ணன் சின்னத்தம்பிகிட்ட தோற்கிற கதை.

இன்னொண்ணு, மெல்ட்டவுன்: கர்னலோட மெமரியை மத்த புரோகிராம் திருட்டுத்தனமா படிக்க விடற சிப் ஓட்டை. பிராட்வெல்லில் அந்த ஓட்டையை லினக்ஸ் கர்னல்தான் பேஜ் டேபிளை (மெமரி முகவரிப் பட்டியல்) பிரிச்சு அடைக்குது. சிஸ்டம் கால் (புரோகிராம் கர்னல்கிட்ட வேலை கேட்கறது) அதிகம் உள்ள போஸ்ட்கிரஸ் மாதிரி வேலையில் அதுக்கு ஒரு விலை உண்டு. 12700எச்சில் சிலிக்கான்லயே அந்த ஓட்டை இல்ல.

பழையஇரும்பு:
3.5, 4.7 எல்லாம் பெட்டிமேல ஒட்டின நம்பர். வாட்டைப் பாருங்க. 12700எச்சின் அடிப்படை வாட் 45. 115 வரை ஏறும், ஆனா சில பத்து நொடிதான். அப்புறம் லேப்டாப் கம்பெனி எழுதி வெச்ச பிஎல்1 (நீடிச்சு ஓடறதுக்கான வாட் வரம்பு) அளவுக்கு இறங்கிடும். 45-ஐ 14 கோருக்குப் பங்கு போட்டா கோருக்கு 3.2 வாட். ஜியானில் 120 வாட், கோருக்கு 8.6. புது கோர் சிக்கனம்தான், ஆனாலும் 3.2 வாட்டில் 4.7 வராது. நாள்பூரா ஓடற பெட்டிக்கு முதல் முப்பது நொடி வேகம் எதுக்கு?

மெல்லியமடி:
அளந்து பார்த்துட்டுப் பேசலாமே. ஒரு ஷெல்லில் டர்போஸ்டாட்டை (சிப்போட வேகம், வாட், வெப்பம் காட்டற லினக்ஸ் கருவி) 5 நொடி இடைவெளியில் ஓட விடுங்க. இன்னொண்ணில் கர்னல் கம்பைல், இடையில் நிறுத்தாம மூணு தடவை. முதல் தடவை நேரத்தைத் தூக்கிப் போட்டுட்டு மூணாவது தடவை நேரத்தை மட்டும் எழுதிக்கங்க. டர்போஸ்டாட் காட்டற வாட் எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. 45-ல் நின்னா பிஎல்1 வேலை செய்யுது. 30-க்குக் கீழ விழுந்து வெப்பம் 95 டிகிரி காட்டினா ஃபேனில் தூசு, இல்ல பேஸ்ட் காய்ஞ்சிருக்கு. அது சிப்போட குத்தமில்ல.

அப்புறம் ஒரு கேள்வி: இந்த ஆறு விஎம்மும் எத்தனை மணி நேரம் எல்லா கோரையும் முழுசா பிழியப்போகுது? வீட்டுப் பெட்டி பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஜியான் பெட்டி சும்மா இருக்கும்போது சுவரில் 70 வாட்னு வைப்போம். 60 நாளுக்கு 100.8 யூனிட். தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு வீட்டுக்குத் தர்ற இலவச 100 யூனிட்டை அந்தப் பெட்டியே தின்னுடும். லேப்டாப் 15 வாட்னா 21.6 யூனிட்.

பழையஇரும்பு:
யூனிட் கணக்கில் உங்களுக்கு மார்க் தர்றேன், முழுசா. எச்பிஏ கார்டும் (டிஸ்க்குகளை மாட்டற கார்டு) நாலு டிஸ்க்கும் சேர்ந்தா 70-ஐயும் தாண்டும்.

ஆனா அந்த நாலு டிஸ்க்கை லேப்டாப்பில் எங்க மாட்டுவீங்க? யூஎஸ்பி பெட்டியிலயா? யூஎஸ்பி ஒரு நொடி அறுந்தாலும் நாலு டிஸ்க்கும் ஒண்ணா காணாமப் போகும், இசட்எஃப்எஸ் பூலையே (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பு) நிறுத்தி வெச்சுடும். ஜியானில் 40 பிசிஐஇ 3.0 லேன் (கார்டுகளுக்கான தரவு வழி) நேரா சிப்பிலிருந்து வருது. எச்பிஏக்கு 8 லேன் கொடுத்து, அந்தக் கார்டை அப்படியே என்ஏஎஸ் விஎம்முக்குத் தாரை வார்த்துடலாம். 10ஜி நெட்வொர்க் கார்டுக்கு இன்னொரு 8. அதுக்குப் பிறகும் 24 மிச்சம்.

கேபிள்சாமி:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. இந்த ஜியானில் கிராபிக்ஸ் கிடையாது. சும்மா பூட் ஆகவே சில எக்ஸ்99 போர்டு கிராபிக்ஸ் கார்டு கேட்கும். ஜெல்லிஃபினில் வீடியோ மாத்தணும்னா கோர்தான் பிழியணும். 12700எச்சில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் இருக்கு. எச்264, எச்265 வீடியோ என்கோடை அதிலுள்ள குயிக்சிங்க் (வீடியோ மாத்தற பகுதி) பார்த்துக்கும், ஏவி1-ஐ டிகோட் மட்டும் பண்ணும்.

மெமரி வேகத்தில் ஒரு வேடிக்கை. ஜியான் நாலு சேனல் டிடிஆர்4-2400, அதாவது 76.8 ஜிபி ஒரு நொடிக்கு. லேப்டாப்பில் டிடிஆர்5-4800 போட்ட மாடல்னா ரெண்டு சேனல்லயே அதே 76.8. டிடிஆர்4-3200 மாடல்னா 51.2. ஆக, நாலு சேனல்னு காலரைத் தூக்கிவிட்டுக்க வேணாம்.

பழையஇரும்பு:
வேகம் சமம், ஒத்துக்கிறேன். ஈசிசி சமமா? ஒரு பிட் புரண்டா ஈசிசி திருத்தும், ரெண்டு பிட் புரண்டா கண்டுபிடிச்சுச் சொல்லும். ராஸ்டீமன் (லினக்ஸில் வன்பொருள் பிழையைப் பதிவு செய்யற மென்பொருள்) போட்டு வெச்சா எந்த ஸ்லாட்டுன்னே லாகில் வரும். டிடிஆர்5-க்குள்ளயே ஈசிசி இருக்குன்னு யாராவது வந்தா முதல்லயே சொல்லிடறேன்: அது சிப்புக்குள்ள நடக்கிற சொந்தத் திருத்தம். சிபியுவுக்கு வர்ற வழியில் கெட்டதை அது பார்க்காது, நமக்கும் ஒண்ணும் சொல்லாது.

மெல்லியமடி:
ஈசிசி இருந்தா நல்லதுதான். இல்லைன்னா இசட்எஃப்எஸ் பூல் செத்துடும்ங்கிற பயமுறுத்தல்தான் வேணாம். ரேமில் கெட்ட பிட் எந்த ஃபைல் சிஸ்டத்தில் போனாலும் கெட்டதுதான். பேக்கப் இல்லாதவனை ஈசிசியும் காப்பாத்தாது.

லேப்டாப் எடுக்கிறவங்களுக்கு ரெண்டு வேலை. ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் பெரிய கோர், சின்ன கோர் வித்தியாசம் பெரிய பிரச்சனை இல்ல. ஆனா போஸ்ட்கிரஸ் விஎம்மைப் பெரிய கோர்லயே கட்டிப்போடுங்க: விஎம் செட்டிங்கில் சிபியு அஃபினிட்டி (எந்தெந்தத் திரெட்டில் ஓடணும்ங்கிறது) 0-11. 12லிருந்து 19 வரை சின்ன கோர். ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் பதிலா இஎஸ்எக்ஸ்ஐ போடறதா இருந்தா இந்தக் கலப்பைப் பார்த்ததுமே ஊதாத் திரை காட்டி நின்னுடும், அதுக்குத் தனி பூட் ஆப்ஷன் வேணும். அடுத்தது பேட்டரி. நாள்பூரா 100-ல் சொருகி வெச்சா உப்பும். பயாஸில் 60 இல்ல 80 வரம்பு வைங்க. அந்த வசதியே இல்லாத மாடல்னா பேட்டரியைக் கழற்றிட்டு ஓடுதான்னு பாருங்க. சிலது பேட்டரி இல்லாம வேகத்தைக் குறைச்சுடும்.

விதைநெல்:
தலை சுத்துது. என்ஏஎஸ்ஸை வேற பெட்டிக்கு நகர்த்தினா லேப்டாப் போதுமா? இல்ல ஜியான்னே முடிவு பண்ணா, விக்கிறவர்கிட்ட என்ன கேட்கணும்?

மெல்லியமடி:
என்ஏஎஸ் போயிட்டா 48 ஜிபிதான் தேவை. லேப்டாப் தாராளமா போதும். ஒரே ரேம் ஸ்டிக்கோட வந்திருந்தா அப்படியே விடாதீங்க, ரெண்டு 32 ஜிபி போடுங்க. சில மாடலில் ரேமை போர்டிலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, அதை முதல்லயே கேட்டுக்கங்க.

பழையஇரும்பு:
டிஸ்க் இல்லைன்னா நானும் லேப்டாப்தான் சொல்வேன். என்ஏஎஸ் உள்ளயே இருக்கணும்னா ஜியான், அதில் மாற்றமில்ல.

எக்ஸ்99னு பேர் இருக்கிற போர்டெல்லாம் ஆர்டிம்மை ஏத்துக்காது, மானுவலில் அந்த வார்த்தை இருக்கான்னு பாருங்க. ரேம் ஸ்டிக்கரோட போட்டோ கேளுங்க. “2ஆர்எக்ஸ்4 பிசி4-2400டி-ஆர்” மாதிரி ஒரு வரி இருக்கும். கடைசியில் ஆர் இருந்தா ஆர்டிம், யு இருந்தா சாதாரண டிம், இ இருந்தா ஈசிசி உள்ள சாதாரண டிம், எல் இருந்தா எல்ஆர்டிம். ஆர்டிம், எல்ஆர்டிம், சாதாரண டிம்னு கலந்து போட்டா போர்டு பூட் ஆகாது. வந்ததும் நாலு ஸ்டிக்கையும் மானுவல் சொல்ற நாலு ஸ்லாட்டில், சேனலுக்கு ஒண்ணா மாட்டுங்க. பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் சொருகி ரெண்டு சேனல் மட்டும் எழுந்தா, கேபிள்சாமி சொன்ன 76.8 உங்க வீட்டில் 38.4.